நிற்கும் ரோந்து காரில் எஞ்சின் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது?

அமெரிக்கச் சாலைகளில் இது அன்றாடக் காட்சி. ஓரமாக ஒரு ரோந்து கார் நிற்கும். உள்ளே ஆள் இருக்கமாட்டார். விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும், சைலன்சர் முனையில் மெல்லிய புகை தெரியும். அரை மணி நேரம் கழித்து அதே வழியாகத் திரும்பினாலும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பார்ப்பவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். எரிவது வரிப்பணம். சொந்தக் காரை நியூயார்க் நகரில் 3 நிமிடத்துக்கு மேல் இப்படி ஓடவிட்டால் அபராதம் வரும். பள்ளிக்கூடத்தின் அருகில் 1 நிமிடம்தான் வரம்பு. அவசர வாகனங்களுக்கு விலக்கு உண்டு.

விலக்கு இருப்பதால்தான் ஓடவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் உண்மையான காரணம் பின்பெட்டிக்குள் ஓடும் வயர்களில் இருக்கிறது. ரோந்து கார் என்பது நகர்கிற அலுவலகம். அந்த அலுவலகத்துக்கு மின்சாரமும் குளிரூட்டலும் தருகிற ஒரே ஜெனரேட்டர் அதன் எஞ்சின். இதைப் புரிந்துகொண்டால்தான் எந்த ஐட்லிங் (வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடுவது) தேவை, எது வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

ஆம்பியர் கணக்கிலிருந்து தொடங்கலாம். கூரைமேல் இருக்கும் விளக்குத் தொகுதி எல்.ஈ.டி.யாக இருந்தால், எல்லாம் மின்னும்போது 10 முதல் 20 ஆம்பியர் வரை எடுக்கும். பழைய ஹாலஜன் சுழல்விளக்குகள் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு விழுங்கின. மடிக்கணினியும் அதைத் தாங்கும் பீடமும் சேர்ந்து 5 முதல் 7 ஆம்பியர். வயர்லெஸ் கருவி சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது 1 ஆம்பியர் அளவில் இருக்கும். பட்டனை அழுத்திப் பேசும் நொடிகளில் 10க்கு மேல் தாவும். முன்பக்கக் கேமராவும் பதிவுப் பெட்டியும் 2 முதல் 4, மோடம் 1 முதல் 2, வேகமானி ரேடார் 1. இவற்றோடு எண்பலகை படிக்கும் கேமரா, ரசீது அச்சடிக்கும் பிரின்டர், துப்பாக்கிப் பூட்டு, டார்ச்லைட் சார்ஜர் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். விளக்குகளை அணைத்துவிட்டு நின்றாலே 10, 12 ஆம்பியர் போய்க்கொண்டிருக்கும். விளக்குகளையும் போட்டால் 25 ஆம்பியரைச் சாதாரணமாகத் தொடும்.

இப்போது பேட்டரியைப் பார்ப்போம். நல்ல கார் பேட்டரியின் கொள்ளளவு 80 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதிக்குமேல் இறக்கக் கூடாது. ஸ்டார்ட்டிங் பேட்டரியின் ஈயத் தகடுகள் மெல்லியவை. சில நொடிகள் பெரிய மின்னோட்டம் கொடுக்கச் செய்யப்பட்டவை. மணிக்கணக்கில் சிறிது சிறிதாக வடிப்பது அவற்றுக்கு ஒத்துவராது. திரும்பத் திரும்ப ஆழமாக இறக்கினால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகி, சில மாதங்களிலேயே பேட்டரி செத்துப்போகும். ஆக, கையில் இருப்பது 40 ஆம்பியர்-மணி. 25 ஆம்பியர் சுமையில் அது காகிதத்தில் ஒன்றரை மணி நேரம் வரும். மின்னோட்டம் கூடக்கூட ஈயப் பேட்டரி தன் முழுக் கொள்ளளவையும் தராது என்பதால் நடைமுறையில் அதைவிடக் குறைவுதான். பேட்டரிக்கு மூன்று வயதாகி, வெளியே வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியாகவும் இருந்தால், அரை மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம்.

வோல்ட்மீட்டர் இருந்தால் இது கண்ணெதிரே தெரியும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட். அணைத்துச் சற்று நேரம் ஆறவிட்ட நல்ல பேட்டரியில் 12.6. பாதி தீர்ந்தால் 12.2. 11.8க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. காலியாவதற்கு முன்பே சிக்கல் தொடங்கிவிடும்: வயர்லெஸ்ஸின் வீச்சு குறையும், மடிக்கணினிப் பீடம் துண்டித்துக்கொள்ளும், கேமராப் பதிவு இடையில் நின்றுபோகும். கடைசியில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் 'டிக், டிக்' என்று மட்டும் சொல்லும். உதவி கேட்டு அழைப்பு வந்திருக்கும் நேரத்தில் வண்டி கிளம்பாமல் நிற்பது, ஒரு காவலரும் ஒருமுறைக்கு மேல் பார்க்க விரும்பாத நிலைமை. ஐட்லிங் பழக்கம் பெரும்பாலும் இந்தப் பயத்திலிருந்துதான் பிறக்கிறது.

எஞ்சின் ஓடினால் மின்சாரக் கவலை இல்லை என்று நினைப்பதும் முழு உண்மை அல்ல. காவல் வண்டிகளில் 200 ஆம்பியரும் அதற்கு மேலும் தரக்கூடிய ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் கருவி) இருக்கும். ஆனால் அந்த எண் வேகமாகச் சுழலும்போது கிடைப்பது. நிமிடத்துக்கு 650, 700 சுற்றில் ஐட்லிங்கில் நிற்கும்போது, அதுவும் பானெட்டுக்குள் வெப்பம் ஏறியிருந்தால், பாதியோ சற்றுக் கூடுதலோதான் வரும். எல்.ஈ.டி. விளக்குக் காலத்தில் அது போதும். பழைய ஹாலஜன் தொகுதி, ரேடியேட்டர் விசிறி, ஏசி ஊதி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஒன்றாக ஓடினால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி மெல்ல வடிவதும் உண்டு. விளக்குகளை எல்.ஈ.டி.க்கு மாற்றியதுதான் இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய எரிபொருள் சீர்திருத்தம் என்பது என் கருத்து. சத்தமில்லாமல் நடந்ததால் அதற்குரிய பெயர் கிடைக்கவில்லை.

கணினியின் கதை தனி. அதை அணைத்தால் திரும்ப எழுப்பி, பாதுகாப்பான இணைப்பில் சேர்ந்து, அடையாளத்தை இரண்டு படிகளில் நிரூபித்து, அழைப்புப் பட்டியலைத் திறப்பதற்குள் பல நிமிடங்கள் ஓடிவிடும். குற்றவியல் தரவுகளைக் கையாளும் கணினிகள் 30 நிமிடம் தொடாமல் இருந்தால் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று எஃப்.பி.ஐ.யின் பாதுகாப்பு விதி சொல்கிறது. அதே விதியில் காவல் வாகனத்துக்குள் பொருத்திய கருவிகளுக்கு விலக்கும் இருக்கிறது. காரணம் வெளிப்படையானது: எதிரே ஆபத்து நிற்கும்போது கடவுச்சொல் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

சாலை நடுவில் விபத்து நடந்த இடத்தைக் காத்து நிற்கும் வண்டிக்கு விளக்குதான் கவசம். நிற்கும் அவசர வாகனத்தைக் கண்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் அல்லது அடுத்த தடத்துக்கு விலக வேண்டும் என்ற சட்டம் 50 மாநிலங்களிலும் இருக்கிறது. அந்த விளக்கு மங்கினால், பின்னால் வருகிறவருக்கு விலக நேரம் கிடைக்காது. இந்த ஐட்லிங்கைப் பற்றி யாரும் குறை சொல்லக் கூடாது.

அடுத்தது வெப்பமும் குளிரும். குண்டு துளைக்காத உடுப்பு, இடுப்புப் பட்டை, அதில் தொங்கும் கருவிகள் எல்லாம் சேர்ந்தால் பத்து கிலோவை நெருங்கும். உடுப்புக்கு அடியில் வியர்வை உலர வழியில்லை. வெயிலில் நின்று போக்குவரத்தைச் சரிசெய்துவிட்டு வருகிறவருக்கு ஏசி ஓடும் காரில் பத்து நிமிடம் உட்காருவது உடல் வெப்பத்தை இறக்கும் மருத்துவம். குளிரில் நிலைமை தலைகீழ்: முன்கண்ணாடியில் பனி படிந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அழைப்புக்கு ஓட முடியாது. இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. போதைமருந்து மிகையாகி மூச்சு நின்றவருக்குக் கொடுக்கும் நலோக்சோன் மூக்குத் தெளிப்பான் பல ரோந்து கார்களில் இருக்கிறது. அதை 25 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். சிறிது காலத்துக்கு 40 டிகிரி வரை பரவாயில்லை. மைனஸ் 15 டிகிரியில் அது உறைந்துவிடும், உறைந்தால் தெளிக்காது. இதய அதிர்வுக் கருவியின் பேட்டரிக்கும் ஒட்டும் பட்டைக்கும் இதே போன்ற வரம்புகள் உண்டு. இவற்றையெல்லாம் வண்டிக்குள் விட்டுவிட்டு எஞ்சினையும் அணைத்துவிட்டுப் போவது, கையில் இருக்கும் மருந்தைக் கெடுத்துவைப்பதாகிவிடும். வண்டியை விட்டு நெடுநேரம் விலகும்போது பையைக் கையோடு எடுத்துப்போவதுதான் சரியான வழி. ஆனால் எத்தனை நேரம் விலகப்போகிறோம் என்பது முன்கூட்டியே யாருக்கும் தெரிவதில்லை.

பின்னிருக்கையில் நாய்

மோப்ப நாய் உள்ள வண்டியில் எஞ்சினை அணைப்பது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் வெப்பநிலை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறும். அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும். வெளியே 28 டிகிரி என்றால் உள்ளே 50. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவைப்பதால் பெரிய வித்தியாசம் வருவதில்லை. இது அளந்து பார்த்த உண்மை. நாய்க்கு வியர்வையால் உடலைக் குளிர்விக்க முடியாது, மூச்சிரைப்பு ஒன்றுதான் வழி. காற்றே சூடாக இருந்தால் அதுவும் பயன் தராது.

எஞ்சின் ஓடுவது மட்டும் நாயைக் காப்பாற்றாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஏசி கம்ப்ரஸர் மட்டும் நின்றிருக்கும். வண்டி நிற்கும்போது, ஏசி வாயுவின் வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சருக்குக் காற்று விசிறியிலிருந்து மட்டுமே வருகிறது. விசிறி மோட்டார் பழுதானாலோ, கண்டன்சர் துவாரங்களில் பூச்சியும் தூசியும் அடைத்தாலோ வாயு அழுத்தம் ஏறும். அழுத்த சுவிட்ச் கம்ப்ரஸரைத் துண்டித்துவிடும். அதன்பின் உள்ளே ஊதப்படுவது சூடான காற்று. வெளியே நிற்பவருக்கு எஞ்சின் சத்தம் கேட்பதால் எல்லாம் சரி என்றே தோன்றும். இப்படி நாய்கள் இறந்திருக்கின்றன.

ஆகவேதான் வெப்ப எச்சரிக்கை அமைப்பு பொருத்துகிறார்கள். கூண்டுப் பகுதியில் இரண்டு உணரிகள். குறித்த வெப்பநிலையைத் தாண்டினால் ஹார்ன் அலறும், விளக்குகள் மின்னும், பின்கண்ணாடிகள் தானாக இறங்கும், தனி விசிறி சுழலும், காவலரின் இடுப்பில் உள்ள பேஜர் அதிரும். கையிலிருக்கும் பட்டனை அழுத்தினால் கதவு திறந்து நாய் வெளியே குதிக்கும். எஞ்சின் தானாக நின்றுபோனாலும் எச்சரிக்கை வர வேண்டும். அந்த இணைப்பைக் கொடுக்காமல் விடுவது பொருத்துகிறவர்கள் செய்யும் பெரிய தவறு. உணரியை ஏசி காற்று வரும் துவாரத்துக்கு நேராக வைப்பது இன்னொன்று. அங்கே எப்போதும் குளிராகவே காட்டும், நாய் படுத்திருக்கும் மூலை மட்டும் வெந்துகொண்டிருக்கும். விசிறியின் வயரைச் சாவி சுவிட்சுக்குப் பின்னால் எடுத்தால் எஞ்சின் நின்றதும் விசிறியும் நிற்கும். பேட்டரியிலிருந்து நேராக, தனி ஃபியூஸ் வழியாக எடுக்க வேண்டும். பேஜரின் வீச்சு பெரிய கட்டடத்துக்குள் எட்டாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டின் தொடக்கத்திலும் சோதனைப் பட்டனை அழுத்தி, கண்ணாடி இறங்குகிறதா, பேஜர் அதிர்கிறதா, கதவு திறக்கிறதா என்று மூன்றையும் கண்ணால் பார்க்காமல் நாயை ஏற்றக் கூடாது.

திருட்டும் பூட்டும்

ஆளில்லாமல் ஓடும் வண்டி திருடனுக்குத் திறந்த வீடு, அதுவும் துப்பாக்கியும் வயர்லெஸ்ஸும் இருக்கும் வீடு. இதற்காகவே காவல் வண்டிகளில் தனி வசதி இருக்கிறது. வண்டியைப் பார்க்கிங் கியரில் வைத்து, பட்டனை அழுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு போகலாம். எஞ்சின் தொடர்ந்து ஓடும். சாவி இல்லாமல் வேறு யாராவது பிரேக்கை மிதித்து கியரை நகர்த்த முயன்றால் கியர் பூட்டிக்கொள்ளும் அல்லது எஞ்சின் நின்றுவிடும். கதவைப் பூட்டாமல், இந்தப் பட்டனையும் அழுத்தாமல் ஓடுவதுதான் திருட்டுகளின் பொதுவான முன்கதை. இருபது நொடி வேலைக்கு இறங்கினாலும் அழுத்த வேண்டும்.

எஞ்சின் கொடுக்கும் விலை

இவ்வளவு காரணங்கள் இருந்தாலும் ஐட்லிங் இலவசம் அல்ல. பல ஆண்டுகள் அமெரிக்கக் காவல்துறையின் முகமாக இருந்து, 2011இல் கனடாவின் ஒன்டாரியோவில் கடைசியாகத் தயாரான ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவில் இருந்தது 4.6 லிட்டர் எஞ்சின். அந்த அளவுள்ள பெட்ரோல் எஞ்சின் எந்தச் சுமையும் இல்லாமல் நின்றபடி ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் குடிக்கும். ஏசியும் மின்சுமையும் சேர்ந்தால் இன்னும் கூடும். ரோந்துப் பணியில் எட்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் வண்டி நின்றபடியே ஓடுகிறது என்பது ஃபோர்டு நிறுவனத்தின் கணிப்பு. நாளைக்கு இரண்டு ஷிஃப்ட் ஓடும் வண்டி, ஒரு மீட்டர்கூட நகராமல், 12 லிட்டருக்குக் குறையாமல் எரிக்கிறது.

எரிபொருளைவிட மோசமானது தேய்மானம். ஒரு மணி நேர ஐட்லிங்கைச் சுமார் 33 மைல், அதாவது 53 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமான தேய்மானமாகக் கணக்கிட ஃபோர்டு சொல்கிறது. ஓடோமீட்டரில் இது ஏறாது. அதில் 60,000 மைல் காட்டும் வண்டியின் ஐட்லிங் மணி 3,000 என்றால், 99,000 மைலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த எஞ்சின் உண்மையில் 1,59,000 மைல் கண்ட எஞ்சின். ஏலத்தில் விடப்படும் பழைய காவல் வண்டிகளை வாங்குகிறவர்கள் ஓடோமீட்டரை மட்டும் பார்த்து ஏமாறுவது இதனால்தான். டேஷ்போர்டு மெனுவில் மொத்த எஞ்சின் மணியும் ஐட்லிங் மணியும் தனித்தனியாக வரும். அவற்றைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

ஐட்லிங்கில் என்ன தேய்கிறது? குறைந்த சுற்றில் ஆயில் பம்ப்பின் அழுத்தம் குறைவு. சிலிண்டருக்குள் எரிப்பழுத்தமும் குறைவாக இருப்பதால் பிஸ்டன் வளையங்கள் சுவரோடு நன்றாக அழுந்துவதில்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கின்றன. ஆயில் நீர்த்துப்போகிறது, கசடாகிறது, டைமிங் செயினைத் தேய்க்கிறது. ஸ்பார்க் பிளக் தன்னைத் தானே சுத்தப்படுத்திக்கொள்ளும் வெப்பத்தை எட்டாமல் கரி பிடிக்கிறது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ எரிபொருளே வராது என்பதால் அங்கும் கரி ஏறும். ஆல்டர்னேட்டர் பேரிங், வாட்டர் பம்ப், பெல்ட் எல்லாவற்றுக்கும் மணிதான் கணக்கு. எனவே ஆயில் மாற்றும் நாளை மைலைப் பார்த்து முடிவு செய்யும் பணிமனை தவறு செய்கிறது. மணியையும் சேர்த்துப் பார்த்து, எது முதலில் வருகிறதோ அதைப் பிடிக்க வேண்டும்.

வேகமாக ஓட்டிவந்த உடனே காய்ந்த புல்மேல் நிறுத்தி ஓடவிடுவதும் கூடாது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் சூட்டில் புல் தீப்பிடிக்கும்.

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011 முதல் 2017 வரையான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளுக்குள் கார்பன் மோனாக்சைடு நுழைவதாகப் புகார்கள் வந்து, 2016இல் மத்திய சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணை தொடங்கியது. 2017இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரக் காவல்துறை சுமார் 400 வண்டிகளைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டது. விற்பனைக்குப் பிறகு காவல் கருவிகளுக்காக வயர் இழுக்கத் துளையிட்டவர்கள் அந்தத் துளைகளைச் சரியாக அடைக்காததை ஃபோர்டு சுட்டிக்காட்டி, காவல் வண்டிகளில் துளைகளை அடைத்துத் தர முன்வந்தது. வண்டிகளைத் திரும்பப்பெறச் சொல்லும் உத்தரவு எதுவும் இல்லாமல் விசாரணை 2023இல் முடிந்தது. வண்டிக்குக் கருவி பொருத்துகிற ஒவ்வொருவருக்கும் இதில் பாடம் இருக்கிறது: வண்டியின் உடலில் போடும் ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வளையம், அதன்மேல் சீலன்ட். பின்கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்திருந்தால் அன்றே மாற்ற வேண்டும். பின்னால் இடி வாங்கிய வண்டியை வெளிப்பூச்சோடு விட்டுவிடாமல் அடித்தகட்டின் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். மணிக்கணக்கில் ஐட்லிங்கில் நிற்கும் வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பனிக்குவியலில் சைலன்சர் முனை புதைந்திருக்கிறதா என்று இறங்கிப் பார்ப்பதும் இதில் அடக்கம்.

எஞ்சினை நிறுத்த வழி

'அணைத்துவிடுங்கள்' என்று சுற்றறிக்கை அனுப்புவதால் ஒன்றும் நடக்காது. மின்சுமையை எஞ்சினிடமிருந்து பிரித்துக் கொடுத்தால்தான் அணைப்பார்கள். எளிதான முதல் படி, கருவிகளுக்கு நேரக்கட்டுப்பாட்டு ரிலே. எஞ்சின் நின்ற பிறகு வயர்லெஸ்ஸுக்கும் கணினிக்கும் குறித்த நேரம் மட்டும் மின்சாரம் போகும். வோல்ட் இறங்கினால் அதற்கு முன்பே துண்டிக்கும். அடுத்தது இரண்டாவது பேட்டரியும் இரண்டையும் பிரிக்கும் ஐசொலேட்டரும். கருவிகள் இரண்டாவதிலிருந்து எடுக்கும், முதலாவது ஸ்டார்ட்டருக்கென்று நிறைந்தே இருக்கும். இரண்டாவதற்கு ஆழமாக வடித்தாலும் தாங்கும் வகையைத்தான் போட வேண்டும். சாதாரண ஸ்டார்ட்டிங் பேட்டரியைப் போட்டால் பழைய கதையே திரும்பும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி எடையில் குறைவு, கொள்ளளவில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே கெட்டுவிடும். குளிர்ப் பிரதேசங்களில் சூடேற்றும் உறையுடன் வருவதையே வாங்க வேண்டும்.

பேட்டரி வோல்ட்டைக் கண்காணித்து, தேவைப்படும்போது மட்டும் எஞ்சினைத் தானாக ஸ்டார்ட் செய்து, சார்ஜ் ஏறியதும் நிறுத்தும் கருவிகளும் சந்தையில் இருக்கின்றன. ஃபோர்டு 2020 மாடலில் கொண்டுவந்த 3.3 லிட்டர் ஹைபிரிட் காவல் வண்டி இதையே தொழிற்சாலையில் செய்து கொடுத்தது: பெரிய பேட்டரி விளக்குகளையும் கணினியையும் தாங்கும், அது இறங்கினால் எஞ்சின் சிறிது நேரம் ஓடிவிட்டு நிற்கும். ஓடும்போது கிடைக்கும் மைலேஜைவிட நிற்கும்போது மிச்சமாகும் பெட்ரோல்தான் இந்த வண்டியின் உண்மையான லாபம். மூடிய கராஜில் நிறுத்துகிறவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அமைதியாக நிற்கும் ஹைபிரிட் எப்போது வேண்டுமானாலும் எஞ்சினை எழுப்பும்.

இவை எதுவும் வாங்க முடியாத துறைக்கும் ஒரு வேலை இருக்கிறது, செலவு ஒரு கிளாம்ப் மீட்டர்தான் (வயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் கருவி). பேட்டரியின் எதிர்முனை வயரில் மாட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, கருவிகளை ஒவ்வொன்றாகப் போட்டு ஆம்பியரைக் குறித்துக்கொள்ள வேண்டும். பேட்டரியைச் சுமை கொடுத்துச் சோதிக்க வேண்டும். அறை வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அதை மாற்றிவிட வேண்டும். இரண்டு எண்களும் கையில் வந்துவிட்டால் அந்த வண்டி அணைந்த நிலையில் எத்தனை நிமிடம் பாதுகாப்பாக நிற்கும் என்று கணக்குப் போட்டு, பாதியாகக் குறைத்து, டேஷ்போர்டில் ஒட்டிவிடலாம். நாய் இல்லை, கூரைவிளக்கு எரியவில்லை, வெயிலும் பனியும் உடலை வாட்டவில்லை, அறிக்கை எழுத மட்டுமே வண்டி நிற்கிறது என்றால், சாவியை அணைப்பதற்கு அந்த எண் போதும்.